செத்தவர்களுக்கு விரித்த கட்டில்

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி. மதியம் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. நார்வேயின் மலைப்பாதையொன்றில் ஏறி வந்த வாடகைக் கார் ஹேகெலி பண்ணை வீட்டின் முன்னால் நின்றது. ஓட்டி வந்தவள் ஆர்டிஸ். வழியெல்லாம் வாயைத் திறந்துகொண்டு தூங்கி வந்தவள் அவளுடைய சித்தப்பா மகள் லவோன்.

ஆர்டிஸ் உடனே இறங்கவில்லை. கரிய மரச்சுவரையும் கூரைமேல் முழங்காலளவு ஏறியிருந்த பனியையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அறுபத்துமூன்று வயது. இந்த வீட்டைப் புகைப்படத்தில் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுள் போயிருந்தது. இங்கே பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்கு வந்த ஓஸ்னேதான் அவர்கள் இருவருக்கும் கொள்ளுப்பாட்டி. வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டுமென்று ஆர்டிஸ் ஒரு வாக்கியம் வைத்திருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் லவோன் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"ஹல்வோர்! சிஸ்ஸெல்! நான் வந்துட்டேன்!"

ஓஸ்னே பிறந்த குடும்பத்தில் வந்த பண்ணைக்காரர் ஹல்வோரும் அவர் மனைவி சிஸ்ஸெலும் செருப்பைக்கூட மாட்டாமல் பனியில் ஓடிவந்து லவோனைக் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டு, கன்னத்தைத் தட்டி, இளைத்துவிட்டாய் என்று பொய் சொல்லி, கடைசியில்தான் சிஸ்ஸெல் திரும்பி, "நீங்க ஆர்டிஸ்தானே? வாங்க, வாங்க" என்று கை குலுக்கினாள்.

கை குலுக்கினாள்! இருபத்தேழு வருஷம் இந்த வீட்டுக்குக் கடிதம் எழுதியவள் ஆர்டிஸ். ஊரில் நார்வே வம்சாவளியினர் சங்கத்தின் செயலாளர். தேவாலயப் பதிவேடுகளைக் கிளறி, அமெரிக்காவுக்குப் போன கிளையின் பெயர்களை ஒன்று விடாமல் எழுதி அனுப்பியவள். லவோனோ, இரண்டு கோடைக்கு முன்னால் ஏதோ கப்பல் சுற்றுலாவில் வந்து, ஒரே ஒரு நாள் இங்கே தலைகாட்டி, ஆட்டுக்குட்டியைத் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவள். நார்வே மொழியில் நன்றி என்ற ஒரு வார்த்தையைத் தவிர எதுவும் தெரியாது. அதிலிருந்து வாராவாரம் வீடியோவில் பேச்சு. இந்தக் கிறிஸ்துமஸ் அழைப்புகூட லவோன் பெயருக்குத்தான் வந்தது. 'ஆர்டிஸுக்கும் வசதிப்பட்டால் கூட்டிக்கொண்டு வா' என்று கீழே ஒரு வரி.

அந்த ஒரு வரி ஆர்டிஸுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் ஆர்டிஸ் நார்வே மொழியில் பேசினாள். தாத்தாவின் மடியிலிருந்தே கற்றுக்கொண்ட, இந்த மலைச்சரிவின் பேச்சு. இரண்டு வாக்கியம்தான் பேசியிருப்பாள். ஹல்வோர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க ஆர்டிஸ். இந்தப் பேச்சு இங்க யாருக்கும் இப்ப வராது. செத்து நூறு வருஷம் ஆனவங்க எழுந்து வந்து பேசற மாதிரி இருக்கு!"

"நான் சொல்லல? எங்க ஆர்டி ஒரு மியூசியம்!" என்றாள் லவோன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டிஸும் சிரித்துவைத்தாள். அவள் சுட்டு, துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு ரொட்டியை சிஸ்ஸெல் புகழ்ந்துவிட்டு, "நாங்க இதைக் கடையில வாங்கிடுவோம்" என்றாள்.

மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மாலையில் கூடத்து நடுவில் ஹல்வோர் வைக்கோலைப் பரப்பினார். அன்று ஒரு ராத்திரி உயிரோடிருப்பவர்கள் எல்லோரும் தரையில் வைக்கோல்மேல் படுக்க வேண்டும். மாடியறையில் இருக்கும் கட்டில்கள், வீடு தேடி வரும் இறந்தவர்களுக்கு.

"சுத்துவட்டாரத்துல இதை விட்டுட்டாங்க. எங்களைப் பாத்துச் சிரிக்கிறாங்க. சிரிச்சா சிரிக்கட்டும்" என்றார் ஹல்வோர். "ஒண்ணு மட்டும், ராத்திரி மாடிக்கு மட்டும் யாரும் போகக் கூடாது."

"தெரியும். நான் இதைப் பத்திச் சங்கத்துல பேசியே இருக்கேன்" என்றாள் ஆர்டிஸ்.

அப்போதுதான் சிஸ்ஸெல் அந்தச் சுவரைக் காட்டினாள். கூடத்தின் வடக்குச் சுவர் முழுக்க நீலத்திலும் சிவப்பிலும் பூங்கொடிகள் தீட்டி, அந்த வீட்டின் வம்சம் மொத்தமும் எழுதப்பட்டிருந்தது. ஓஸ்னேயின் பெயர் ஓர் ஓரத்தில். பக்கத்தில் அவள் அக்கா குன்ஹில். கல்யாணமாகாமல், இந்த வீட்டிலேயே கிழவியாகிச் செத்தவள். நூற்று நாற்பது வருஷமாக ஓஸ்னேக்குக் கீழே வெறும் மரப்பலகைதான் இருந்தது. இப்போது அங்கே ஒரு புதுக்கொடி தீட்டியிருந்தது. அதன் நுனியில் ஒரே ஒரு பெயர்.

லவோன்.

"அழகா இருக்கில்ல? போன மாசம் நானே தீட்டினேன்" என்றாள் சிஸ்ஸெல்.

ஆர்டிஸுக்குக் காதுக்குள் ரீங்காரமிட்டது. அந்தச் சுவருக்கான விவரங்களை எல்லாம் எழுதி அனுப்பியது யார்? "என் பேரு?" என்று கேட்டேவிட்டாள்.

"அடடா! எடம் இருக்கே. அடுத்த வருஷம் எழுதிட்டாப் போச்சு."

விளக்கை அணைத்துப் படுத்தார்கள். கதவோரம், காற்றடிக்கும் இடம் ஆர்டிஸுக்கு. அடுப்போரத்தில் லவோன். சற்று நேரம் கழித்து வைக்கோல் சரசரக்க லவோன் அவள் பக்கம் புரண்டாள்.

"ஆர்டி, கோவமா? நாளைக்கே நான் ஹல்வோர்கிட்ட சொல்றேன். என் பேருக்கு மேல உன் பேரை எழுதச் சொல்றேன். நான் சொன்னா கேப்பாங்க."

நான் சொன்னால் கேட்பார்கள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் ஆர்டிஸால் தாங்க முடியவில்லை. பிச்சை போடுகிறாள்! என் வீட்டை எனக்கே பிச்சை போடுகிறாள்!

மற்ற மூவரின் மூச்சும் சீரானதும் ஆர்டிஸ் எழுந்தாள். காலுறையோடு மாடிப்படி ஏறினாள்.

மாடியறையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மூன்று கட்டில்கள். சலவை மணக்கும் வெள்ளை விரிப்புகள். தரையில் தூவியிருந்த ஜூனிப்பர் இலைகள் காலடியில் நசுங்கிக் காட்டு வாசம் எழுந்தது. ஜன்னலோரக் கட்டில் எதுவென்று அவளுக்குத் தெரியும். அக்காவும் தங்கையும் சேர்ந்து படுத்த கட்டில் அது. சுவர்ப்பக்கம் குன்ஹில், வெளிப்பக்கம் ஓஸ்னே. தாத்தா சொல்லியிருக்கிறார்.

உயிரோடிருப்பவர்களுக்கு என் அருமை தெரியவில்லை. செத்தவர்களுக்காவது தெரியட்டும்.

ஆர்டிஸ் வெளிப்பக்கத்தில் ஏறிப் படுத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். வாசலில் சொல்லக் கிடைக்காமல் போன அந்த வாக்கியத்தை, தாத்தாவின் பேச்சில், இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் வீட்டுக்கு வந்துட்டேன்."

மெழுகுவர்த்தி அணைந்தது.

காற்று எதுவும் இல்லை. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

முதலில் வாசம் வந்தது. ஈரக் கம்பளியும் ஆட்டுப் பாலும் கலந்த வாசம். அதன்பின் படிக்கட்டில் காலடி. மெதுவான, அவசரமில்லாத காலடி. ஹல்வோராக இருக்கும், திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

கட்டிலின் சுவர்ப்பக்கம் அமுங்கியது.

"தள்ளிப் படு."

காதோரத்தில், கிசுகிசுப்பாக. தாத்தாவின் பேச்சு. அதே இழுப்பு.

ஆர்டிஸ் திரும்பிப் பார்க்காமல் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"வந்துட்டியா ஓஸ்னே. பேச்சைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு." குளிர்ந்த மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. "மொத அறுப்பு முடிஞ்சதும் எனக்குக் கப்பல் டிக்கெட் அனுப்புறேன்னியே. கொண்டாந்தியா?"

"நான்..."

"ஒவ்வொரு வசந்தத்துக்கும் மூட்டை கட்டி வெச்சேன். ஒனக்கு நெலம். ஒனக்குப் புருஷன். ஒனக்கு ஒம்பது புள்ளைங்க. எனக்கு இந்தக் கட்டிலு. ஏன்டி? நான் மூத்தவ இல்லையா?"

அந்தக் குரலில் கோபம் குறைவு. எரிச்சல்தான் அதிகம். நாள்பட்ட, ஆறாத எரிச்சல். இருட்டிலும் ஆர்டிஸுக்கு அது அடையாளம் தெரிந்தது. தினமும் தன் நெஞ்சுக்குள் கேட்கிற குரல்தான்.

ஐந்து விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. எலும்புக்குள் குளிர் இறங்கியது.

"இப்ப என் மொறை. நீ இங்க இரு. ஒன் ஒடம்பை எனக்குக் குடு. நான் போறேன்."

மணிக்கட்டு மரத்தது. பிறகு முழங்கை. பிறகு தோள். தன் கை தன்னுடையதில்லாமல் போவதை ஆர்டிஸ் உணர்ந்தாள்.

"நான் ஓஸ்னே இல்ல!" மூச்சுத் திணறிக் கிசுகிசுத்தாள். "ஓஸ்னே வம்சமே இல்ல! கீழ சொவத்துல போய்ப் பாரு. ஓஸ்னே பேருக்குக் கீழ என் பேரே கெடையாது!"

பிடி இறுகியபடியே நின்றது.

"அப்ப யாரு பேரு இருக்கு?"

இந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யார் பெயரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"லவோன்" என்றாள் ஆர்டிஸ். "அடுப்போரத்துல படுத்திருக்கா."

பிடி விட்டது. கட்டில் நிமிர்ந்தது. காலடிகள் படி இறங்கின. ஒவ்வொரு படியாக எண்ணினாள். பதினோரு படிகள். கீழே வைக்கோல் சரசரத்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், எல்லோரும் விழித்திருப்பார்கள். ஆர்டிஸ் போர்வையின் நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கீழே யாரோ ஒரே ஒரு தடவை விக்கினார்கள்.

பிறகு படியில் மறுபடியும் காலடி. இந்தத் தடவை தடுமாறி, முட்டி மோதி ஏறி வருகிற காலடி. ஆர்டிஸ் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, எதுவோ தன்னைக் கடந்து போக விட்டுவிட்டு, கீழே ஓடினாள்.

விடிந்தபோது லவோன் வைக்கோல்மேல் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்பலு எப்ப கெளம்பும்?" என்று கேட்டாள். அந்த மலைச்சரிவின் பழைய பேச்சில், ஒரு பிசிறில்லாமல்.

ஹல்வோர் கைதட்டி ஆரவாரம் செய்தார். "பிரமாதம்! ஆர்டிஸ், நீங்கதானே கத்துக்குடுத்தீங்க? உங்களைவிட நல்லாப் பேசறா!"

ஆர்டிஸ் தலையாட்டினாள். லவோன் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விமானத்தில் எட்டு மணி நேரமும் அவள் ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மின்னசோட்டா டாக்டர், மூளையில் சின்ன அடைப்பு, அதனால்தான் ஆங்கிலம் மறந்துவிட்டது என்றார். தனியாக விட வேண்டாம் என்றும் சொன்னார். லவோனின் புருஷன் ஏற்கெனவே இறந்து, பிள்ளைகள் தூர ஊர்களில் இருக்க, ஆர்டிஸ்தான் அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. காலையில் எழுந்ததும் அவள் வெறும் வயலுக்குப் போய் நின்றுவிடுவாள். கண்ணுக்கெட்டிய மட்டும் சமமான நிலம். அதைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரிப்பாள்.

ஜனவரி பதின்மூன்றாம் தேதி சிஸ்ஸெல் போன் செய்தாள். அன்றோடு அங்கே பண்டிகை முடிகிறது. வந்த இறந்தவர்கள் திரும்பிப் போகிற நாள்.

"ஆர்டிஸ், ஒரு அதிசயம் கேளுங்க. எல்லாக் கட்டிலும் சில்லிட்டுப்போச்சு. ஜன்னலோரக் கட்டில் மட்டும் சூடாவே இருக்கு. ராத்திரியானா ஒரு பொம்பளை அழற சத்தம். அதுவும் இங்கிலீஷ்ல!"

ஆர்டிஸ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஹல்வோர் என்ன சொல்றார்னா, அமெரிக்கா போய்ச் செத்த நம்ம ஓஸ்னே வழி ஆளுதான் யாரோ வழி கண்டுபிடிச்சு வீடு வந்து சேந்திருக்காங்களாம். அனுப்பக் கூடாதுன்னுட்டார். இனிமே வருஷம் முழுக்க அந்தக் கட்டில் அவங்களுக்குத்தான். தெனம் நானே விரிப்பு மாத்தறேன். சூடா கஞ்சி வெக்கறேன். கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து பேசிட்டும் வரேன். பாவம், நம்ம பொண்ணு இல்லையா?"

சிஸ்ஸெல் மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில், போனுக்குள் வெகு தூரத்திலிருந்து, ஒரு குரல் கேட்டது.

ஆர்டி... ஆர்டி...

"கேட்டுச்சா? யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுது. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியல" என்றாள் ஆர்டிஸ். போனை வைத்தாள்.

 பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அழ வேண்டும் என்றும் தெரிந்தது. இரண்டும் வரவில்லை. தினம் மாற்றுகிற விரிப்பும், சூடான கஞ்சியும், சிஸ்ஸெல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவதும்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன.

ஹேகெலி பண்ணை வீட்டில், இனி என்றென்றைக்கும், லவோனுக்கு ஒரு கட்டில்.

ஆர்டிஸுக்கு வயிறு எரிந்தது.