நிலவூரில் ராகு காலம்

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: பஞ்சநதமாகிய நான், என் தம்பி வைத்தியலிங்கம், மகன் இளம்பரிதி, மருமகள் செந்திரு, அவள் மடியில் பிறந்து மூன்று நாளான என் பேத்தி, ஊர்த் தரவகத்திலிருந்து வந்த பொறியாளர் மெஹருன்னிசா. வேறு எவரும் இல்லை. வெளியே நின்று எல்லாம் கேட்டதாகச் சொல்பவர்கள், நிலவூர்க் கதவுகளில் காற்றே புகாது என்பதை மறந்துவிட்டார்கள்.

பெயர் பதிவது இங்கே எளிய காரியம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மெய்நிகர் பொறி உண்டு. அதற்கு உடம்பு கிடையாது. ஊரின் பெருங்கணினிக்குள் நமக்கென்று ஒதுக்கிய அறை என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் பெயரைச் சொன்னால் அது ஊர்ப் பதிவுகளெல்லாம் இருக்கும் தரவகத்தோடு இணைந்து எழுதிவிடும். எழுதியதும் பிள்ளைக்கு மூச்சுப் பங்கு திறக்கும். அதுவரை தாயின் பங்கில்தான் இருவரும் சுவாசிக்க வேண்டும். பூமிக் கணக்கில் மூன்றாம் நாள் மாலைக்குள் பெயர் ஏறாவிட்டால் இருவரும் பூமிக் கப்பலில் இறங்க வேண்டும். இறங்கியவர்களுக்கு மறுபடி இடம் கிடைத்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாரும் இறங்கியதில்லை. பதினாறாம் நாள் வைக்கும் பெயரைச் சட்டத்துக்காக மூன்றாம் நாளுக்கு இழுத்தோம். அதற்கு முன் வைப்பதில்லை.

அன்று காலையிலிருந்து பொறி ஒரே பதிலைத்தான் சொன்னது: “இணைப்புக் கிடைக்கவில்லை. காத்திருந்து நேரம் முடிந்தது.”

“தரவகம் படுத்துடுச்சுண்ணே” என்றான் தம்பி.

“பக்கத்து வீட்டுப் பொறி இப்பத்தான் பேசிட்டுப் போச்சு. தரவகம் நல்லாத்தான் இருக்கு” என்றார் மெஹருன்னிசா.

“பாஸ்வேர்டு மாறியிருக்குமோ?” என்றான் இளம்பரிதி.

“மாறியிருந்தா கதவத் தொறந்து, யாருடா நீன்னு திட்டும் தம்பி. இங்க கதவே தொறக்கல” என்றார் அவர் அவனிடம்.

“அப்ப ஊரு எங்கள மறுக்குதா?” என்றேன். குரல் உயர்ந்திருக்கலாம்.

“மறுத்தா மறுப்புன்னு உடனே வந்துரும் ஐயா. ஒங்க கேள்வி வந்த தடமே எங்க பக்கம் இல்ல. அது வீட்ட விட்டே கெளம்பல.”

“நீங்களே கையால எழுதிடக் கூடாதா?” என்று செந்திரு கேட்டாள்.

“மனுசக் கை பட்டா காத்துல களவு வந்துரும்னு அந்த அதிகாரமே யாருக்கும் கெடையாதும்மா.”

எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்க்கும் எங்கள் பொறியின் வாசல்காப்பை அவர் திறந்து விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரிடத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“சிரிக்கக் கூடாதுதான். ஒங்க பொறி ராகு காலம் பாக்குது ஐயா.”

அது என் அப்பா எழுதிய விதி. அந்த நேரத்தில் தரவகத்துக்கு எதுவும் போகாது. ராகு காலம் என்பது பகலில் எட்டில் ஒரு பங்கு. இத்தனை காலம் பொறி, அப்பா கொடுத்திருந்த கும்பகோணத்துக் கணக்கில் ஒன்றரை மணி நேரம் மூடிக்கொள்ளும். போன வாரம் தம்பி பொறியைப் பெருங்கணினியின் புது அறைக்கு மாற்றினான்.

“மாத்தும்போது எந்த ஊருன்னு கேட்டுச்சு. இருக்குற ஊரத்தானே சொல்லணும்?” என்றான்.

நிலவின் ஒரு பகல் பூமிக் கணக்கில் ஏறத்தாழப் பதினைந்து நாள். பொறி கதவை ஏறக்குறைய இரண்டு நாளைக்குச் சாத்தியிருந்தது. அது திறப்பதற்குள் மாலைக் கெடு முடிந்துவிடும். அதன் கணக்கில் பிழை தேடினேன். இல்லை.

“கும்பகோணத்துல இப்ப நல்ல நேரம்ணே. ஊர்ப் பேர மாத்திட்டா தானாத் தொறந்துக்கும்.”

“எந்த ஊர்ல இருக்கோமோ அந்த ஊர்ச் சூரியன்தான்டா கணக்கு. பஞ்சாங்கத்த ஏமாத்துற வேலை நம்ம வீட்ல கெடையாது.”

செந்திரு மூச்சு வாங்கியபடி சொன்னாள்: “இவளுக்கு நல்ல நேரம் பாத்து மூச்சு விடத் தெரியாது மாமா.”

அந்த விதியை நீக்கக் குடும்பத் தலைவரின் குரல் வேண்டும்.

“எடுத்துடும்மா” என்றேன்.

“இன்னிக்கு மட்டுமா, மொத்தமாவா ஐயா?”

“மொத்தமா.”

“இது ராகு காலம். உறுதியா?” என்று பொறி கேட்டது.

“உறுதி.”

பெயர் ஏறியது. கொன்றை. தொட்டிலுக்கு மேலிருந்த துளை திறந்து காற்று இறங்கியதும் பிள்ளை தும்மினாள். செந்திரு மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சை நீளமாக இழுத்து விட்டாள்.

கும்பகோணத்துக் கணக்குப்படி நல்ல நேரத்தில்தான் கொன்றையின் பெயரைப் பதிந்தோம் என்று ஊரில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. என் மானத்தைக் காப்பதாக நினைத்துத் தம்பி பரப்பியது. அது பொய். ராகு காலத்தில்தான் பதிந்தோம். தெரிந்தே பதிந்தோம். பதியச் சொன்னவன் நான்.