மல்லாந்து கிடந்த சிவப்புத் தொப்பி

அன்று மதியம் தொலைந்த பொருள் அறையில் அவசரத்துக்கு ஏற்கெனவே மண்டை காய்ந்திருந்தது. அவசரம் என்பது அந்த அறையைக் கவனித்துக்கொள்பவனுடைய பட்டப்பெயர். கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பதிலைத் திருத்திக்கொண்டே பொழுதை ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் தொப்பிக்கென்று தனிச் சட்டமே இருந்தது. ரோலர் கோஸ்டரில் ஏறும் முன் கழற்றி அலமாரிப் பெட்டியில் வைக்க வேண்டும். காட்சி அரங்கில் பின்வரிசைக்கு மறைக்காமல் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக் கூடத்திலும் தலையில் இருக்கக் கூடாது. கழற்றியதைத் திரும்ப எடுக்க மறக்கும்படி மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை ஜனங்கள் சொந்தப் பொறுப்பில் செய்தார்கள்.

சற்று முன்புதான் ஒரு மீசைக்காரர் வந்து மேஜையைத் தட்டிவிட்டுப் போயிருந்தார். "நடு வரிசையில கடைசிப் பெட்டி. எவனோ அவன் தொப்பியை வெச்சுட்டு என்னோடதை எடுத்துட்டுப் போயிட்டான். பழுப்பு நிறம், நேத்துதான் வாங்கினேன். இதுதான் நீங்க பார்த்துக்கற லட்சணமா?" தினம் இதே பாட்டைக் கேட்டுப் பழகியவன், மாற்றி எடுத்தவரே கொண்டுவந்து தருவார் என்று ஆறுதல் சொல்லி அவரை அனுப்பிவைத்தான்.

அடுத்து வந்த அம்மா மேஜையைத் தட்டவில்லை. வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். அறுபது வயதைத் தாண்டியவள். செருப்பில் ஒன்றின் வார் அறுந்திருந்தது, அதைக்கூடக் கவனிக்காமல் இழுத்து இழுத்து நடந்து வந்திருக்கிறாள்.

"என்ன தொப்பிங்கம்மா?" என்றான் அவசரம்.

"தொப்பி இல்லப்பா. என் வீட்டுக்காரரைக் காணோம்."

பக்கத்து அறையிலிருந்து இன்ஸ்பெக்டரம்மா எழுந்து வந்தார். போலீஸில் ஓய்வு பெற்று இந்தப் பூங்காவின் பாதுகாப்புப் பொறுப்புக்கு வந்தவர். அவர் ஓடியோ குரலை உயர்த்தியோ இங்கே யாரும் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவை உட்காரவைத்தார்.

"அவருக்கு நினைவு தப்பிப்போகுதுங்க," என்றாள் அவள். "ஒரு சமயம் நல்லா இருப்பார். மறுநிமிஷம் நான் யாருன்னே தெரியாது. கூட்டத்துல பளிச்சுனு தெரியட்டும்னு சிவப்புத் தொப்பி வாங்கிப் போட்டுவிட்டேன். என் போன் நம்பரை ஒரு துணியில எழுதி உள்பக்கம் ஊக்கு குத்தி வெச்சிருக்கேன்."

"என்ன வேலை பார்த்தார்?"

"பெரிய ஓட்டல் ஒண்ணுல வாசல் கதவைத் திறந்துவிடற வேலை. ரிட்டயர் ஆகற வரைக்கும் அதேதான். தொப்பி விஷயத்துல ரொம்பக் கறார். வெயில்ல வெறுந்தலையோட ஒரு அடி வைக்கமாட்டார். கூரைக்குள்ள வந்துட்டா யாரும் சொல்லாமலே கழட்டிக் கையில வெச்சுக்குவார். எங்க பேரையெல்லாம் மறந்தார், அதை மட்டும் மறக்கல."

இன்ஸ்பெக்டரம்மா வாக்கி-டாக்கியில் எல்லாக் காவலர்களுக்கும் சொன்னார்: வெள்ளைச் சட்டை, சிவப்புத் தொப்பி, தனியாக ஒரு பெரியவர். அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்து, அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணு இருக்கு. அவரை ஒரு இல்லத்துல சேர்த்துடலாம்னு என் பையன் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கான். நான் ஒத்துக்கல. இன்னிக்கு அவன்கூட இருந்தப்பதான் காணாமப் போயிருக்கார். பெத்தவ வாயால எப்படிச் சொல்றது. வேணும்னே விட்டுட்டு வந்துட்டானோன்னு இருக்கு. அவரைக் கண்டுபிடிங்க, அதையும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அது தெரியாம அவன் வீட்டுல என்னால ஒரு வாய் சோறு திங்க முடியாது."

அவசரத்தின் மனதில் அந்த நொடியே வழக்கு முடிந்துவிட்டது. மகனைப் பார்க்கும் முன்பே அவன்தான் என்று தீர்மானித்து, அந்த அம்மாவுக்காக ஒரு மூச்சுக் கோபமும் பட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் மகனும் மருமகளும் வந்தார்கள். அவர்களோடு ரோலர் கோஸ்டரில் ஆள் ஏற்றுகிற பணியாளும் வந்தார். அவர் கையில் ஒரு சிவப்புத் தொப்பி.

"இது அப்பாவோடதும்மா," என்று மகன் அதை வாங்கி மேஜையில் வைத்தான். அவன் இன்னொரு கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. ஒன்றின் மூடி தளர்ந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் கசிந்து அவன் சட்டை நனைந்துகொண்டிருந்தது, அவனுக்கு அது உறைக்கவில்லை.

அந்த அம்மா பழக்கதோஷத்தில் தொப்பியை எடுத்து மல்லாத்தி வைத்தாள். "விளிம்பு கீழ பட்டா வளைஞ்சுடும். பார்த்தா திட்டுவார்," என்றாள், அவர் பக்கத்து அறையில் இருப்பதுபோல.

"அலமாரியிலயும் இப்படித்தான் மல்லாந்து கிடந்துச்சு," என்றார் பணியாள். "எல்லாரும் கவுத்துதான் வைப்பாங்க. இது யாருடா தினுசா வெச்சிருக்கான்னு நெனச்சேன்."

அவசரம் தொப்பிக்குள் கைவிட்டான். "மேடம், துணியைக் காணோம். ஊக்கு ரெண்டும் இருக்கு." ஊக்குகள் பூட்டப்பட்டு, உள்துணியில் ஓரமாகச் செருகப்பட்டிருந்தன. அவன் மகனை முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் வியர்த்திருப்பார்கள். "நம்பர் தெரியக்கூடாதுன்னு எடுத்திருக்காங்க," என்றான்.

"எடுத்திருக்காங்கதான்," என்று இன்ஸ்பெக்டரம்மா பணியாளிடம் திரும்பினார். "எந்தப் பெட்டியில இருந்தது?"

"நடு வரிசை, கடைசிப் பெட்டிங்க. வெளிப்பக்கம், பெஞ்சை ஒட்டினாப்பல."

மகனைச் சொல்லச் சொன்னார். "அம்மாவும் இவளும் கை கழுவப் போனாங்க. நானும் அப்பாவும் அந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். தாகமா இருக்குன்னார். கடை எதிர்லயே இருந்துச்சு. திரும்பி வந்தா ஆள் இல்ல. அவ்வளவுதான் மேடம்." அவன் குரல் உடைந்தது. "அவ்வளவுதான் நடந்துச்சு."

"தாகமா இருக்குன்னு அவரே கேட்டாரா?"

"ஆமா."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு நல்லாத்தான் இருந்தார். எத்தனையோ மாசமா என்னை நர்சம்மான்னுதான் கூப்பிடுவார். இன்னிக்குச் சாப்பிட்டு எழுந்திரிக்கறப்ப, 'சாப்பாடு நல்லாயிருந்துச்சு மருமகளே, இவங்களைப் பார்த்துக்கோ'ன்னார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்."

இன்ஸ்பெக்டரம்மா அந்த அம்மாவிடம் திரும்பி, "சாப்பிடறப்ப என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

"வழக்கமா பேசறதுதான். இவன் இல்லத்தைப் பத்தி மறுபடி ஆரம்பிச்சான். நான் சொன்னேன், 'தூங்கி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியலடா. இவருக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கு. ஆனா உசுரு இருக்கற வரைக்கும் யார்கிட்டயும் விடமாட்டேன்'னு." அவள் நிறுத்தினாள். "எதிர்லதான் உட்கார்ந்திருந்தார். மடியில தொப்பியை வெச்சு விளிம்பைத் தடவிக்கிட்டு. அவருக்கு எங்க புரியப்போகுதுன்னு..."

இன்ஸ்பெக்டரம்மா வாக்கி-டாக்கியை எடுத்தார். "முன்னாடி சொன்னதை மாத்திக்கங்க. சிவப்புத் தொப்பி இல்ல. புதுப் பழுப்புத் தொப்பி போட்ட பெரியவர். பெரிய கதவு இருக்கற இடமெல்லாம் முதல்ல பாருங்க. பின்பக்க ஏரிக்கரைக்கும் ரெண்டு பேர் போங்க."

"பழுப்பா?" என்றான் அவசரம். சொல்லும்போதே மீசைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. நடு வரிசை, கடைசிப் பெட்டி. அவன் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை; பக்கத்து அறையில் இருந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஏறியிருந்தது.

"பதில் வர்ற வரைக்கும் நீங்க கேட்டதுக்குச் சொல்லிடறேன்மா," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "உங்க பையன் இல்ல."

மகன் தாயைப் பார்த்தான். அவள் என்ன கேட்டிருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பாட்டில்களை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த பாட்டிலைப் பாருங்க," என்றார் அவர். "ஒண்ணு திறக்காம இருக்கு. இன்னொண்ணுக்கு மூடியைத் தளர்த்தி வெச்சிருக்கார். அப்பாவால திருகித் திறக்க முடியாதுன்னு கடையிலயே தளர்த்தியிருக்கார். விட்டுட்டுப் போறவன் அதைச் செய்யமாட்டான். அதோட, தொப்பியை நம்ம கண்ணு முன்னாடி உங்க பையன் கவுத்துதான் வெச்சார். அலமாரியில வெச்ச கை வேற. மல்லாத்தி வெச்சுப் பழகின கை."

"அவர் கை," என்றாள் அந்த அம்மா மெதுவாக.

"ஊக்கைப் பாருங்க. துணியைத் திருடறவன் பிச்சுட்டுப் போவான். இவர் ஊக்கைக் கழட்டி, மறுபடி பூட்டி, ஓரமாச் செருகியிருக்கார். ஏன்னா இந்தத் தொப்பியை அடுத்து வேற ஒருத்தர் போடுவார், அவர் தலையில குத்திடக் கூடாது. வெயில்ல வெறுந்தலையா நடக்க அவருக்கு மனசு வராது. சிவப்பு தலையில இருந்தா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்க. அதனால ஒருத்தர் தொப்பியை எடுத்தார். சும்மா எடுக்கலை, அதே பெட்டியில தன்னோடதை வெச்சுட்டுப் போயிருக்கார்."

"அப்போ தெரியாம மாத்தி எடுத்துட்டாரா?" மருமகள் ஆசையோடு கேட்டாள்.

இன்ஸ்பெக்டரம்மா அவளைப் பார்க்காமல் சொன்னார். "இல்லம்மா. உங்களை மருமகளேன்னு கூப்பிட்டார். இவங்களைப் பார்த்துக்கச் சொன்னார். பையனைத் தண்ணி வாங்க அனுப்பினார். சாப்பாட்டு மேஜையில அவருக்கு எல்லாம் புரிஞ்சிருந்தது. அவர் தொலைஞ்சு போகலை. கிளம்பிப் போயிருக்கார்."

ஏரிக்கரைக்கு ஏன் ஆள் அனுப்பினார் என்று இப்போது எல்லாருக்குமே தெரிந்திருந்தது, அந்தச் சொல்லை மட்டும் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. அந்த அம்மா அழவில்லை. "நான்தான் துரத்திட்டேன்," என்றாள். பிறகு கையை நீட்டி, மகன் மூடியைத் தளர்த்தி வைத்திருந்த பாட்டிலை எடுத்து இரண்டு மிடறு குடித்தாள். அவன் அவள் தோளைப் பற்றிக்கொண்டான். மன்னிப்புக் கேட்பதும் கொடுப்பதும் அவ்வளவில் முடிந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "மேடம், காட்சி அரங்கு வாசல்ல பழுப்புத் தொப்பியோட ஒருத்தர் இருக்கார். வர்றவங்களுக்கெல்லாம் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிடறார். நாங்க புதுசா வேலைக்கு வந்த ஆளுன்னுல்ல நெனச்சோம். நல்லாச் செய்யறார் மேடம்."

எல்லாரும் விரைந்தார்கள். வழியில் அவசரத்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கதவுன்னு எப்படி மேடம் தெரியும்?"

"தெளிவா இருக்கற வரைக்கும்தான் அவரால போக முடியும்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "அது எந்த நிமிஷம் வேணா கலையும். கலைஞ்சப்புறம் பழகின இடத்துலதான் போய் நிப்பார். அந்தக் கதவு ஏரிக்கு முன்னாடி வந்திருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

அரங்கின் கண்ணாடிக் கதவருகே அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தார். பிறத்தியார் தொப்பி, நெற்றிவரை இறங்கியிருந்தது. மனைவியைப் பார்த்ததும் அதைத் தூக்கி வணங்கினார். "வாங்கம்மா. ஆட்டம் இப்பதான் ஆரம்பிக்குது."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு துண்டுத் துணியை எடுத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்ககிட்ட போன் இருக்குமா? இது எங்க வீட்ல எழுதிக் குடுத்தது. வேலை நேரத்துல கூப்பிடறதில்ல, ஆனா ரொம்ப நேரம் ஆயிடுச்சு. தேடுவா."

அந்தத் துணியை மட்டும் அவரால் தொப்பியோடு விட்டுவிட்டுப் போக முடியவில்லை என்பது அவசரத்துக்குப் புரிந்தது. அவன் தன் போனை எடுத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பார்த்து நிதானமாக அழுத்தி, போனை அவர் கையில் கொடுத்தான்.

அந்த அம்மாவின் கைப்பைக்குள் மணி அடித்தது. அவள் எடுத்தாள். எதிரில் நிற்கிற அம்மாளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று அவர் மரியாதையாகக் கதவுக்குள் ஓரடி எடுத்துவைத்துப் பாதி திரும்பிக்கொண்டார். கூரைக்குக் கீழே வந்துவிட்டதால் தொப்பியைக் கழற்றி இடுப்பில் அணைத்துக்கொண்டார்.

"நான்தான்," என்றார் போனில். "எங்க இருக்கேன்னு தெரியல, ஆனா நல்லாத்தான் இருக்கேன். நீ தூங்கினியா?"

"ம்," என்றாள் அவள்.

"பொய் சொல்லாத. கொஞ்சம் தூங்கி எழுந்து மெதுவா வா. நான் இங்கயேதான் நிப்பேன்."

"இல்லங்க," என்றாள் அவள், அவர் சட்டைக் காலரைத் தொட்டுவிடக்கூடிய தூரத்தில் நின்றுகொண்டு. "இதோ, வந்துட்டேன்."