கப்பலுக்கு மேலே நங்கூரம்

துறைமுகக் கற்களுக்கு நடுவே பிணம் சிக்கியிருந்தது!

உத்திராபதி. மூச்சடக்கி முங்கிச் சங்கெடுப்பவன். பின்மண்டை பிளந்திருந்தது...

முதுநகர் போலீஸ் ஸ்டேஷனில் அவன் மைத்துனன் இளவரசு கைகட்டி நின்றான்.

"நேத்து உங்கூடதானடா கடலுக்குப் போனான்?" ஏட்டு தேவநாதன் கையை ஓங்கினார்.

"ஆமா சார்... ஆனா மாமாவ உசுரோடதான் கரையில எறக்கிவுட்டேன்! 'கப்பலக் காணோம் மச்சான்'னு பொலம்பிக்கிட்டே போனாரு!"

"எந்தக் கப்பல்?"

"யுத்தத்துல முங்குன கப்பலு சார். அது மேலதான் மீனு ஜாஸ்தி."

"இரும்புக் கப்பல நண்டு தின்னுடுச்சா?"

இன்ஸ்பெக்டர் அனுப்பிரியா சிரிக்கவில்லை. கிள்ளை ஊர் மீனவர் வீட்டுப் பெண். போர் முடிந்தது தெரியாமல் கடலடியில் தூங்கும் அந்தக் கப்பல், சிறுவயதில் அவள் கனவுகளில் விளக்கேற்றிக்கொண்டு வரும்...

விசைப்படகு முதலாளி பொன்னுரங்கம் உள்ளே வந்தார். கண்ணால் பார்த்த சாட்சி!

"சொல்லவே மனசு வரல மேடம். கப்பலுக்கு நேர் மேல நங்கூரம் போட்டு மீன் புடிச்சிக்கிட்டிருந்தேன். பக்கத்துல இவங்க படகு. இவன் கட்டையால அடிச்சான்... அவன் தண்ணியில வுழுந்தான்!"

"பொய்யி!" இளவரசு அலறினான். "எங்கக்கா முழுவாம இருக்கா மேடம்! புருசனும் போயி, நானும் ஜெயிலுக்குப் போயிட்டா அவளுக்கு யாரு?"

அனுப்பிரியா பொன்னுரங்கத்தின் பக்கம் குனிந்தாள்.

"என்ன நங்கூரம்? கல்லா?"

"கல்லு எதுக்கு மேடம்? இரும்புதான். புதுசு!"

"மேல வந்துச்சா?"

"ஜம்முனு வந்துச்சு!"

அனுப்பிரியா மெல்ல எழுந்தாள்.

"கப்பலுக்கு மேல யாரும் இரும்பு போட மாட்டாங்க. மாட்டிக்கிட்டா கயித்த அறுத்துட்டுத்தான் வரணும். கல்லத்தான் கட்டி எறக்குவாங்க. நீங்க தைரியமா இரும்பு போட்டிருக்கீங்க... கீழ வெறும் மணலுன்னு உங்களுக்குத் தெரியும்!"

பொன்னுரங்கம் வெளிறினார். கதவை நோக்கிப் பாய்ந்தார்...

தேவநாதன் காலை நீட்டினார். தடால்!

"மீன்புடித் தடைக்காலத்துல கடல் காலியா கெடந்துச்சு..." தரையிலிருந்து முனகல் வந்தது. "கப்பலத் துண்டு துண்டா வெட்டி, பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். நேத்து ராத்திரி உத்திராபதி வந்து, நாந்தான்னு கண்டுபுடிச்சி, ஊரக் கூட்டுவேன்னான்... கடப்பாரையால..."

இளவரசு உடைந்து அழுதான். அக்காவிடம் எப்படிச் சொல்வது?

ஏட்டு தலையைச் சொறிந்தார். "கொலைக்கு கேஸ் போட்டுடலாம். கப்பல் திருட்டுக்கு யாரு மேடம் புகார் குடுப்பாங்க?"

"கேப்டன் கீழதான் இருப்பாரு. முங்கிப் போயி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க!"