ஓரத்தில் ஒரு புள்ளி

காட்டோர ஊரான சிர்சியிலிருந்து பெங்களூருக்கு வந்து இரண்டு மாதம் ஆகியும் மேதினிக்கு ஒரு தோழிகூடக் கிடைக்கவில்லை. அவள் வாயைத் திறந்தாலே, "ஏய், காட்டுப் பேச்சைக் கேளுங்கடா!" என்று வகுப்பே சிரித்தது. அதனால் அவள் பேசுவதையே விட்டுவிட்டாள்.

பள்ளி விட்டதும் அம்மா வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு வருவாள். அம்மாவுக்கு எப்போதும் பக்கத்து அறையில் கூட்டம். மேதினி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆராய்ச்சி மாணவர் ஹாலேஷ் செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவரும் அவளிடம் பேசியதில்லை.

அவர் ஆராய்வது திரவப் படிகம். தண்ணீர்போல ஓடும், ஆனால் அதன் மூலக்கூறுகள் குச்சிகள்போல ஒரே திசையைப் பார்த்து நிற்கும். அவற்றை வரிசையில் நிறுத்த, சதுரக் கண்ணாடித் துண்டுகளை வெல்வெட் துணியால் ஒரே பக்கமாகத் தேய்ப்பார். இரண்டு துண்டுகளுக்கு நடுவே திரவத்தை விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்; எல்லாம் ஒரே திசையில் நின்றால் கறுப்பாகத் தெரியும், நுண்ணோக்கியின் தட்டைத் திருப்பினால் ஒளிரும்.

அன்று மேசையைத் தட்டினார். "ச்சே! அதே திரவம், அதே கண்ணாடி. ஒண்ணு கறுப்பா வருது, இன்னொண்ணு பளிச்சுன்னு வருது. வெள்ளிக்கிழமை கூட்டத்துல எதைக் காட்டுறது?"

மேதினிக்குக் காரணம் தெரிந்திருந்தது. ஆனால் இவரும் சிரித்துவிட்டால்? இருந்தாலும் மெல்ல எழுந்து அவரிடம் போனாள்.

"அண்ணா... தேய்ச்ச கண்ணாடியை டப்பாவுல போடுறீங்கல்ல, அதுல சிலது திரும்பிடுது. நாலு பக்கமும் ஒரே மாதிரி. எந்தப் பக்கமா தேய்ச்சீங்கன்னு அப்புறம் எப்படித் தெரியும்?"

ஹாலேஷ் திரும்பினார். "என்ன சொன்னே?"

"தப்பாப் பேசிட்டேனா?"

"இல்லம்மா. இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். "தேய்க்க ஆரம்பிக்கிற ஓரத்துல, நடுவுல ஒரு புள்ளி வெச்சுட்டா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு வாரமா மண்டையை உடைச்சுக்கிறேன்! நானெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்!"

மேதினி புள்ளி வைத்தாள். அவர் தேய்த்தார். புள்ளிமேல் புள்ளி வரும்படி துண்டுகளைச் சேர்த்து, நடுவே திரவத்தை விட்டார்கள்.

நுண்ணோக்கியில் ஒரே கறுப்பு. தட்டைக் கொஞ்சம் திருப்பியதும் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. அடுத்துச் சேர்த்த நான்கு ஜோடிகளும் அப்படியே.

"எல்லாம் ஒரே பக்கம் பார்க்குது!" என்றாள் மேதினி. குரல் அறை முழுவதும் கேட்டது.

அம்மா கதவருகே வந்து நின்றார். "போலாமா?"

"மேடம், இன்னும் முப்பது கண்ணாடி பாக்கி இருக்கு," என்ற ஹாலேஷ், மேதினியிடம் கேட்டார். "நாளைக்கு வருவியா?"

"ஸ்கூல் விட்டதும் ஓடி வந்துடுவேன். அதுக்குள்ள நீங்களே புள்ளி வெச்சுடாதீங்க!"