மடித்து வைத்த தூரம்

டொரோன்டோவில் காபியை வாங்கிக்கொண்டு ஏறினால், சென்னையில் இறங்கும்போதும் அது சுடும். வெறும் பதினோரு நிமிடப் பயணம். எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தே நவநீதன் எட்டு வருடமாக அம்மாவைப் பார்க்க வரவில்லை, மகராசன்.

எல்லாம் தூரமடக்கியின் வேலை. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே கிடக்கும் பதின்மூவாயிரம் கிலோமீட்டரை அது பாயைப்போல மடித்துவிடும். ஆனால் மடித்த தூரம் மாயமாகிவிடாது; மறுநாள் வரை வேறெங்காவது விரித்து வைத்தாக வேண்டும். அதைச் சென்னைச் சாலைகளுக்குப் பங்கு பிரித்தார்கள். முதலில் ஒரு சாலைக்கு நாலு வீட்டுத் தூரம்தான் வந்தது, யாரும் கவனிக்கவில்லை. பிறகு நீதிபதி தெரு, நடிகர் தெரு என்று செல்வாக்குள்ளவர்களெல்லாம் விலக்கு வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சியவை, கேட்க நாதியில்லாத நூறு சாலைகள்.

உலகமெல்லாம் அடிக்கடி பறக்கும் பெரிய மனிதர் என்று நவநீதனுக்கும் ஒரு விலக்கு கிடைத்தது. வாடகைக்கு விட்டிருந்த பங்களா இருக்கும் தெருவுக்கு அதை எழுதிக் கொடுத்தான். அம்மாவும் அக்கா சுபாவும் இருந்த காலனி அவன் ஞாபகத்துக்கே வரவில்லை. சில நாள் கடைத்தெரு எங்கேயோ தள்ளிப் போய்விடுகிறது என்று சுபா போனில் புலம்புவாள். ஆட்டோக்காரன் சுற்றிக்கொண்டு போகிறான், மேப்பைப் பார்த்து ஏறு என்று இந்த மேதாவி புத்தி சொல்வான்.

அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று சுபா கூப்பிட்டபோது, அவன் பனிச்சறுக்கு விடுமுறைக்காக டொரோன்டோ நிலையத்தில் நின்றிருந்தான். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆஸ்பத்திரி பக்கம்தான், பதறாமல் அடுத்த விமானத்தில் வா என்றாள். அதற்கு மூன்று மணி நேரம் இருந்தது. சொந்தக்காரர்கள் நாளைக்கு ஒரு சொல் சொல்லிவிட்டால் துரையின் மானம் என்னாவது? அவசரப் பறப்பு கேட்டு, தனக்கென்று தனி மடிப்பு போடச் சொல்லி ஏறினான்.

ஆஸ்பத்திரி சென்னை நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது. அம்மா வந்து சேரவில்லை. சுபாவைக் கூப்பிட்டான்.

"போர்டு கண்ணுக்குத் தெரிஞ்சுதுடா," என்றாள் சுபா. "இப்பதான், திடீர்னு ரோடு நீண்டுக்கிட்டே போயிடுச்சு. இன்னும் நூத்தி முப்பது கிலோமீட்டராம். எந்தப் பாவி இந்த நேரம் பார்த்துப் பறந்தானோ."

அவன் அவசரப் பறப்புச் சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். அம்மா பேசணுமாம் என்று சுபா போனை அவளிடம் கொடுத்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டியாப்பா?" என்றாள் அம்மா. அந்த மூச்சுத்திணறலிலும் அவள் குரலில் அப்படியொரு பெருமை.

ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரம் ஆனது. இறங்கி வந்த ஆம்புலன்ஸ் ஊழியர் அம்மாவை உள்ளே கொண்டுபோக அவசரப்படவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் நவநீதன் அழுதுகொண்டே சொன்னான், சேதி கேட்ட கையோடு ஓடி வந்தும் உயிரோடு பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று. பாவம், உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்று எல்லோரும் அவன் முதுகைத் தடவினார்கள். அவர்களில் பாதிப்பேர் அவசரப் பறப்பில் வந்து இறங்கியவர்கள்.