ரோஸ் வந்தாச்சு

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டியின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்ததும் கொட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெந்நீர்க் கலனை அணைத்து மூன்று வாரமாகிறது. மினசோட்டாவின் அக்டோபர் குளிரில் ஆர்டிஸின் விரல்கள் மரத்திருந்தன. சிறுவயதில் உறைபனிக்குப் பறிகொடுத்த இடதுகால் சுண்டுவிரலின் இடம் பூட்ஸுக்குள் வலித்தது. ஆனால் உள்ளங்கையில் விழுந்த தண்ணீரில், யாரோ வாயில் வைத்திருந்து துப்பிய சூடு.

"வெயில் பட்டிருக்கும்," என்றான் கைபேசியில் லோரன். இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்திருந்த கணவன். எதிரே வீட்டின் சமையலறை ஜன்னலோரம், தானாக எழ முடியாமல் நாற்காலியில் இருந்தான்.

"இன்னிக்கு வெயிலை எங்க பாத்தே நீ?"

"வேலையைப் பாரு கெழவி. ராத்திரி மைனஸ் பன்னிரண்டாம்."

வீட்டை விற்றாயிற்று. வரும் ஏப்ரலிலிருந்து இந்த இழுவை வண்டிதான் இருவருக்கும் வீடு. பைப்புக்குள் ஒரு மடக்குத் தண்ணீர் தங்கினாலும் போதும். உறையும்போது விரிந்து பைப்பை வெடிக்கச் செய்துவிடும். அதனால்தான் தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத ரோஸ் நிறத் திரவத்தை நிரப்புவது. பம்ப்பின் உறிஞ்சுகுழலைக் கேனுக்குள் விட்டு ஒவ்வொரு குழாயாகத் திறக்க வேண்டும். முதலில் தண்ணீர் துப்பும், பிறகு காற்று இருமும், பிறகு ரோஸ் கொட்டும். உடனே மூட வேண்டும். வருடாவருடம் கேனருகே லோரன் இருப்பான்; குழாயருகே இருந்து அவள் "ரோஸ் வந்தாச்சு!" என்று கத்துவாள். இந்த வருடம் கைபேசியில் கத்தினாள்.

அந்தப் பம்ப்புக்கு ஒரு குணம் உண்டு. ஏதாவதொரு குழாய் திறந்திருந்தால்தான் ஓடும். எல்லாம் மூடியிருந்தால் அழுத்தம் ஏறித் தானே நின்றுவிடும்.

சமையல் தொட்டி முடிந்தது. கைகழுவும் தொட்டி, கழிப்பறை. பம்ப் நின்றது. மிச்சம் ஷவர்தான். புதுக் கேனை மாற்ற இருக்கைக்கு அடியிலிருந்த பம்ப்பருகே மண்டியிட்டாள்.

பம்ப் ஓடத் தொடங்கியது.

"எதையோ திறந்து வச்சிருக்கே," என்றான் லோரன்.

"எல்லாம் மூடிதான் இருக்கு."

"கலனுக்குப் போற வழியை அடைச்சியா? இல்லேன்னா ரெண்டு கேனையும் அது குடிச்சிரும்."

"போன வருஷம் மறந்தது நீ. நான் இல்ல."

இருந்தாலும் எட்டிப் பார்த்தாள். அடைத்துத்தான் இருந்தது. திரவத்தின் தித்திப்பு நாற்றம் மூக்கில் ஏற, காற்றில் தகரக் கூரை முனக, பலகைச் சுவருக்குப் பின்னால் பைப் மெல்லப் புடைத்து நெளிவதுபோல் ஒரு சத்தம் அவள் தோளருகே தொடங்கிக் குளியலறைப் பக்கமாக நகர்ந்து போனது. கேனைப் பார்த்தாள். திரவம் சீராக இறங்கவில்லை. ஒரு மடக்கு. நின்றது. இன்னொரு மடக்கு.

"சரி, மூடிட்டு வா. முடிஞ்சுது," என்றான் லோரன்.

"என்ன முடிஞ்சுது?"

"இப்பத்தானே கத்துனே, ரோஸ் வந்தாச்சுன்னு."

அவள் கத்தவில்லை.

குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மறுபடி வந்தது. "ரோஸ் வந்தாச்சு!" அவளுடைய குரல்.

பம்ப் நின்றது.

கண்களை இறுக மூடிக்கொண்டாள். குளியலறைக் கதவு நகர்ந்து திறந்தது. ஈரப் பாதங்கள். பக்கத்தில். முதுகின் மேல் வெதுவெதுப்பு. கடந்து போனது.

வாசல் பக்கம் வண்டி லேசாகச் சாய்ந்தது; பிறகு நிமிர்ந்தது. யாராவது படியில் கால் வைத்து இறங்கினால் சாய்வதுபோல.

கண் திறந்தாள். தரையில் ரோஸ் நிறக் காலடிகள். வெறுங்கால்கள். இடதில் சுண்டுவிரல் இல்லை.

வாசலுக்கு ஓடினாள். புதிதாக விழுந்திருந்த பனியில் அதே தடங்கள் வீடுவரை போயிருந்தன.

"லோரன்! அது நான் இல்ல! லோரன்!"

"அடியே," என்றது கைபேசியில் லோரனின் குரல், சிரிப்போடு. அவளிடம் அல்ல. "பனியில வெறுங்காலோடயா வந்தே?"

ஓடினாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் முகம் மேல்நோக்கி நிமிர்ந்திருந்தது. ஆர்டிஸின் அதே கூந்தலோடு ஒருத்தி, குழாய் வளைவதுபோல், அவன் வாய்மேல் குனிந்துகொண்டிருந்தாள்.

கைபேசியில் ஒரு மடக்கு. நின்றது. இன்னொரு மடக்கு.

பிறகு அவளுடைய குரல், நிதானமாக:

"ரோஸ் வந்தாச்சு."