தோளில் துண்டு போட்டவர்

அழகுமீனாவுக்குக் கோபம் வந்தால் சாப்பாடு இறங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டில் நான்கு இட்லி அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

எல்லாம் அவர்கள் வீட்டுப் பழைய புகைப்படத்தால் வந்த கோபம்.

ஆமத்தூர் ஊருணிக்கரை மண்டபத்தின் படிகளுக்கு முன்னால் ஐந்து வாத்தியக்காரர்கள் நிற்கும் படம் அது. இரண்டு ஓரத்திலும் தவில்காரர்கள். நடுவில் நாதஸ்வரம் இரண்டு, தாளம் ஒன்று. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருடம் ஆனதற்காக 1897-இல் நடந்த விழாவில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி எடுத்தாராம்.

அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் முன்னால் தோளில் துண்டு போட்டு நிற்கக் கூடாது. எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள், நியாயமே இல்லை. படத்தில் நான்கு பேர் அப்படித்தான் துண்டை இடுப்பில் கட்டி, தலை குனிந்து நிற்கிறார்கள். வலது ஓரத்தில் இருக்கும் தவில்காரர் மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேமராவை நேராக முறைக்கிறார்.

அவர்தான் ஊர்க்காவலன், அப்பாவின் தாத்தாவுக்குத் தாத்தா. அழகுமீனா பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்தாள். பள்ளியில் யாராவது மிரட்டினால் அவள் முறைப்பதுகூட அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட முறைப்புதான்.

இந்த வருடம் ஊர் விழாக் கமிட்டி, காலண்டரில் அந்தப் படத்தைப் போட முடிவு செய்தது. அழகுமீனாவின் அப்பா பாண்டிராஜ் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். ஸ்கேன் எடுப்பதற்காகச் சட்டத்தைக் கழற்றியபோது, படத்தின் பின்பக்கம் ஐந்து பெயர்கள் இருந்தன.

‘இடமிருந்து வலம்: ஊர்க்காவலன், கருப்பன், மாடசாமி, வேலு, செவத்தையா.’

அப்படியானால் இடது ஓரத்தில் குனிந்து நிற்பவர் ஊர்க்காவலன். வலது ஓரத்தில் தோளில் துண்டோடு நிற்பவர் செவத்தையா! உரக்கடை அய்யாதுரையின் பாட்டன் வழி முன்னோர். அய்யாதுரைதான் கமிட்டித் தலைவர்; ஐந்து பெயரையும் படத்துக்குக் கீழே போடச் சொல்லிவிட்டார். அவருடைய பேரன் பாலகுரு, அழகுமீனாவின் வகுப்பு. அவன் ஆறாம் வகுப்பு முழுவதும் சொல்லி முடித்து, ஏழாம் வகுப்புக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

“நாளைக்குக் காலையில அச்சடிக்கப் பிளேட் போட்டுருவோம். எழுதி வச்சிருக்கதை நாம மாத்த முடியுமாத்தா?” என்றார் அப்பா.

“எழுதினவுக தப்பா எழுதியிருந்தா?”

“அதுக்கு அத்தாட்சி வேணும்ல,” என்றாள் அம்மா பொன்மணி. “முதல்ல இட்லியைத் தின்னு.”

அழகுமீனா இட்லியைத் தின்னவில்லை. படத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஊருணிக்கரைக்கு நடந்தாள்.

மண்டபத்தில் பாலகுரு கிரிக்கெட் மட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான்.

“எங்க செவத்தையா தாத்தா எம்புட்டு கெத்தா நிக்காரு, பாத்தியா?”

“கெத்தாத்தான் நிக்காரு. எங்கன நிக்காருன்னு பாப்போம். நீ போய் அவரு இடத்துல நில்லு.”

மண்டபத்துப் படிகளின் ஒரு பக்கம் கல்யானை, மறுபக்கம் கல்குதிரை. படத்தில் தோளில் துண்டு போட்டவர் யானைக்குப் பக்கத்தில் நிற்கிறார். பாலகுரு ஓடிப்போய் யானையின் அருகில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

அழகுமீனா பின்னால் நகர்ந்து, படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். ஏதோ சரியில்லை. படத்தில் யானை வலது பக்கம். இங்கே இடது பக்கம்! படத்தைப் பார்த்தாள், மண்டபத்தைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“ஏலே, யானை இடம் மாறியிருக்கு!”

“பழைய காலத்துல தூக்கி மாத்தி வச்சிருப்பாக.”

“படியும் யானையும் ஒரே கல்லுலே. எங்க, தூக்கு பாப்போம்?”

பாலகுரு உண்மையாகவே தூக்கிப் பார்த்தான். சட்டைப் பித்தான் ஒன்று தெறித்ததுதான் மிச்சம்.

அழகுமீனா வீட்டுக்கு ஓடினாள். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் படத்தைப் பிடித்தாள். கண்ணாடிக்குள் யானை இடது பக்கம் வந்துவிட்டது. அதன் பக்கத்தில், இடது ஓரத்தில், தோளில் துண்டோடு முறைத்துக்கொண்டிருந்தார் அவர்.

“அப்பா, இங்க வாங்களேன்!”

அப்பா வந்து பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“நெகடிவைத் திருப்பிப் போட்டிருக்கான்! அசல் படத்தைக் கரையான் அரிச்சதுன்னு எங்க தாத்தா டவுன் ஸ்டுடியோவுல காப்பி எடுத்தாரு. அங்கனதான் படம் இடவலம் மாறியிருக்கு. அசலுக்குப் பின்னால இருந்த பேரை மட்டும் அப்படியே பாத்து எழுதிட்டாரு. எனக்கில்ல இது முதல்லயே தெரிஞ்சிருக்கணும்? போன சீசன்ல ஒரு காலண்டர்ல சாமியே இடக்கையால ஆசீர்வாதம் பண்ணிட்டு இருந்துச்சு. ஆயிரம் காப்பி ஓட்டின பிறகுதான் பாத்தோம்!”

சாயங்காலம் அப்பாவும் மகளும் உரக்கடைக்குப் போனார்கள். அழகுமீனா படத்தையும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியையும் வைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். அய்யாதுரை கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப, குனிஞ்சு நிக்கிறதுதான் எங்க ஆளு,” என்றார் மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமினார். “சரி பாண்டிராஜு, எதுக்கு வம்பு? பேரையெல்லாம் எடுத்துரு. ‘அக்கால வாத்தியக்காரர்கள்’னு மட்டும் போடு, போதும்.”

ஆர்டர் கொடுத்தவர் அவர். அப்பா தலையை ஆட்டப் போனார்.

“போடக் கூடாது!” என்றாள் அழகுமீனா.

“ஏத்தா, சும்மா இரு,” என்றார் அப்பா.

அவள் சும்மா இருக்கவில்லை. “நேத்து வரைக்கும் பேரு வேணும்னு சொன்னீக. உங்க ஆளு குனிஞ்சு நிக்காருன்னதும் வேண்டாமா? இத்தனை வருஷமா பேரு தெரியாம நின்னது போதாதா? பேரு இல்லைன்னா படமும் இல்லை. இது எங்க வீட்டுப் படம்!” என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அய்யாதுரைக்கு முகம் சிவந்தது. “எம்புட்டு வாய் பாரு இதுக்கு!”

அப்போதுதான் அவள் பாலகுருவைப் பார்த்தாள். உர மூட்டைகளுக்கு நடுவில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. இனி வகுப்பில் எல்லோரும் கேலி செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். காலையிலிருந்து அவன்மேல் இருந்த கோபம் அவளுக்கு எங்கேயோ போய்விட்டது.

“ஏலே பாலகுரு, நீ எதுக்கு அழுற? குனிஞ்சது அவரு தப்பா? குனிய வச்சவன் தப்பு! அந்த வெயில்ல அம்மாம் பெரிய தவிலைத் தூக்கிக்கிட்டு உங்க தாத்தாவும்தான் வாசிச்சாரு. எவனாவது சிரிச்சா என்கிட்ட சொல்லு, நான் பாத்துக்கிறேன்.”

பாலகுரு மூக்கை உறிஞ்சினான். அய்யாதுரையிடம் போய் நின்றான்.

“தாத்தா, பேரைப் போடச் சொல்லுங்க. செவத்தையான்னு. பெரிய எழுத்துல.”

“அஞ்சு பேருக்கும் ஒரே எழுத்துதான்,” என்றாள் அழகுமீனா.

அய்யாதுரை பேரனைப் பார்த்தார். அழகுமீனாவைப் பார்த்தார். அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் இருந்தவரும் அதேபோல் முறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரை ஒரே நேரத்தில் சமாளிக்க அவரால் முடியவில்லை.

“போடுப்பா,” என்றார். “படத்தையும் நேராத் திருப்பிப் போடு.”

தை பிறப்பதற்குள் காலண்டர் ஆமத்தூரில் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊர்க்காவலன், கருப்பன், மாடசாமி, வேலு, செவத்தையா. ஐந்து பெயரும் ஒரே அளவில், கொட்டை எழுத்தில்.

அவ்வளவு பெரிதாகப் போட்டதில், கீழே விக்டோரியா மகாராணியின் பெயருக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அதற்காக ஊரில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.